ரொறன்ரோச் சூரியனுக்கு ஒரு பலகை

அம்மாவுக்குக் கார் ஓட்டப் பழக்குவதற்காக நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அதில் கோயில் இல்லை, கடை இல்லை, சொந்தக்காரர் வீடு இல்லை. அங்கெல்லாம் பெரிய வாகனத் தரிப்பிடங்கள் இருக்கின்றன. எப்படி நிறுத்தினாலும் காரியம் முடிந்துவிடும். வீதியோரத்தில், இரண்டு கார்களுக்கு நடுவே, பின்பக்கமாக நுழைத்து நிறுத்தியே ஆகவேண்டிய இடங்களாகத் தேடி எழுதியிருந்தேன். ஏழாவது வரியில் ஜப்பானியக் கடிகார அருங்காட்சியகம் இருந்தது. ரொறன்ரோ நகரத்துக்குள், ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் உள்ள சின்ன இடம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் திறந்திருக்கும். சொந்தத் தரிப்பிடம் கிடையாது. இந்தக் கடைசித் தகவலுக்காகத்தான் அதைத் தெரிவு செய்தேன்.

நவம்பர் கடைசி ஞாயிறு அது. மறுநாள் திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு ஓட்டுநர் உரிமத்துக்கான அம்மாவின் நான்காவது றோட் ரெஸ்ற்.

மூன்று முறை தவறிவிட்டார். இந்த முறையும் தவறினால் அடுத்த திகதி பெப்ரவரியில்தான் கிடைக்கும் என்று இணையப் பக்கம் சொன்னது. நான் ஜனவரி முதல் வாரம் மேற்குக் கனடாவிலுள்ள எட்மன்டனுக்கு வேலைக்குப் போகிறேன். அப்பா நெடுந்தூர லொறி ஓட்டுகிறவர். மாதத்தில் ஆறேழு நாள்தான் வீட்டில் இருப்பார். அம்மா அஜின்கோர்ட்டில் ஒரு பலகாரக் கடையின் சமையலறையில் வேலை செய்கிறார். காலை ஆறரைக்கு அங்கே நிற்கவேண்டும். எங்கள் வீடு ரொறன்ரோவுக்கு வெளியே பிக்கரிங்கின் புதுத் தெருக்களில் ஒன்றில்; அந்த நேரத்தில் அங்கிருந்து பேருந்து பிடித்துப் போய்ச் சேர முடியாது. நான்கு வருடமாக நான்தான் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பிறகு என் வேலைக்குப் போகிறேன். நான் போனபின் அம்மா ஓட்டவேண்டும், அல்லது பதினொரு வருடமாகச் செய்யும் வேலையை விடவேண்டும். மூன்றாவது வழி எதுவும் என் பட்டியலில் வரவில்லை.

அம்மா பழகுநர் அனுமதியில் ஓட்டுகிறவர் என்பதால் பெருந்தெருவில் ஏற முடியாது. கிங்ஸ்டன் வீதியிலேயே சிவப்பு விளக்குகளை எண்ணிக்கொண்டு போனோம். அம்மா ஓட்டுநர் இருக்கையில் ஒரு பூப்போட்ட மெத்தை போட்டு, அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அது இல்லாவிட்டால் பொனற்றின் நுனி தெரியாது.

அப்பா ஒஹாயோவில் எங்கேயோ டீசல் அடித்துக்கொண்டு நின்று தொலைபேசியில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்ன, கொம்மா எந்த லேனில போறா?"

"நடு லேனில அப்பா."

"ரெண்டு லேனிலயும் சேர்த்தோ?"

"ஃபோனை வை," என்றார் அம்மா, வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல். "உந்த மனுசனிட்டைப் பழகியிருந்தால் நான் இப்ப ஆஸ்பத்திரியில. கத்துறதைத் தவிர ஒண்டும் தெரியாது."

அப்பா சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

பல் வைத்தியர் வாசலில் ஒரு வெள்ளை வானுக்கும் ஒரு சிவப்புக் காருக்கும் நடுவே இடம் இருந்தது. முதல் முறை பின்சக்கரம் நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கியது. இரண்டாம் முறை கார் குறுக்கே நின்றது. பின்னால் வந்தவர் ஹோர்ன் அடித்தார். அம்மா கண்ணாடியில் அவரைப் பார்த்து, "பொறடா தம்பி, நானும் வேலைக்குத்தான் பழகிறன்," என்று தமிழில் சொல்லி, மூன்றாம் முறை நிறுத்தினார். இறங்கிப் போய் அளந்தேன். விளிம்பிலிருந்து ஒரு சாண்.

"இப்ப சொல்லு. கடிகாரம் பாக்க வந்தமோ, பார்க்கிங் பாக்க வந்தமோ?"

"பார்க்கிங் முடிஞ்சுது. வந்தது வந்தம், மேல போய்ப் பாப்பம்."

மாடிப்படி ஏறும்போதே சத்தம் கேட்டது. பல கடிகாரங்கள் ஒன்றாக ஓடும் சத்தம் என்றால் மழை பெய்வதுபோல இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது அப்படி இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக, அவசரமில்லாமல், ஆட்கள் நடப்பதுபோலக் கேட்டது. ஒன்று மெதுவாக, ஒன்று இன்னும் மெதுவாக.

ஒரே அறைதான். எங்கள் வீட்டு வரவேற்பறையைவிடக் கொஞ்சம் பெரிது. பதினான்கு கடிகாரங்கள், எண்ணினேன். அவற்றைப் பார்த்துக்கொள்பவர் நாற்பது வயதளவில் ஒரு பெண். ஜப்பானியக் குடும்பம், ஆனால் இங்கேயே பிறந்தவர். வார நாட்களில் உயர்பள்ளியில் மரவேலை படிப்பிக்கிறாராம். முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டிருந்தார். எங்களைத் தவிர வேறு யாரும் வரவில்லை. அவர் ஆங்கிலத்தில் சொன்னார். அம்மாவுக்குப் புரியாத இடங்களில் நான் தமிழில் சொன்னேன். புரியாத இடங்கள் நான் நினைத்ததைவிடக் குறைவு.

முதலில் காட்டியது உயரமான மரப் பீடத்தின்மேல் நின்ற பித்தளைக் கடிகாரம். விளக்குக் கூடு போன்ற உருவம். அதன் உச்சியில் இரண்டு மெல்லிய சட்டங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக, தராசுக்கோல்போலக் கிடையாக இருந்தன. மேல் சட்டம் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது. கீழ்ச் சட்டம் சும்மா நின்றது. இரண்டின் ஓரங்களிலும் அரத்தின் பல்போல நுண்ணிய வெட்டுகள். வெட்டுகளில் கடுகளவான எடைகள் தொங்கின. எடையை வெளிப்பக்கம் நகர்த்தினால் சட்டம் மெதுவாக ஆடும், உள்ளே நகர்த்தினால் வேகமாக ஆடும்.

பழைய ஜப்பானில் மணித்தியாலம் என்பது ஒரே அளவு இல்லை என்று அவர் விளக்கினார். விடியலிலிருந்து பொழுதுபடும் வரை ஆறு பங்கு. பொழுதுபட்டதிலிருந்து விடியும் வரை ஆறு பங்கு. கோடையில் பகல் பங்குகள் நீளம், இரவுப் பங்குகள் குட்டை. குளிர்காலத்தில் மறுதலை. ஐரோப்பாவிலிருந்து வந்த கடிகாரம் ஒரே சீராக ஓடியது; இவர்களின் நாளோ அப்படி இல்லை. ஆகவே நாளை மாற்றாமல் கடிகாரத்தை மாற்றினார்கள். மேல் சட்டம் ஒரு பொழுதுக்கு, கீழ்ச் சட்டம் மறுபொழுதுக்கு. விடியும்போதும் பொழுதுபடும்போதும் உள்ளே ஒரு நெம்புகோல் ஒரு சட்டத்தை நிறுத்தி மற்றதை ஆடவிடும். யாரும் தொடவேண்டியதில்லை. இரண்டு கிழமைக்கு, அதாவது பதினான்கு நாளுக்கு, ஒருமுறை எடைகளை ஒரு வெட்டு நகர்த்தினால் போதும்.

என் வேலை மருத்துவக் கருவிகளின் மென்பொருளைச் சோதிப்பது. ஒரு கருவி இரண்டு நிலைகளுக்கிடையே மாறும் அந்தக் கணத்தில்தான் பெரும்பாலான பிழைகள் ஒளிந்திருக்கும். இந்தக் கடிகாரம் ஒரு நாளைக்கு இரண்டு முறை அப்படி மாறுகிறது, மின்சாரம் இல்லாமல், பல்சக்கரத்தாலும் ஒரு முளையாலும். அந்த முளையைக் குனிந்து பார்த்தேன். அரிசிமணியளவு இருந்தது. செய்தவர் அதன் முனையைச் சற்றே உருட்டி விட்டிருந்தார், சக்கரத்தில் சிக்காமல் வழுக்கிப் போவதற்காக. இருநூறு வருடத்துக்கு மேல் பழையது என்று அட்டையில் எழுதியிருந்தது. அலுவலகத்தில் யாராவது இவ்வளவு நேர்த்தியாக ஒன்றைச் செய்துவந்தால் அதில் குறை எழுத எனக்கு மனம் வராது.

அப்போது அது அடித்தது. அம்மா எண்ணினார்.

"ஒன்பது. இப்ப பன்னிரண்டு மணியெல்லோ? பிழையா அடிக்குது."

அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லவேண்டியிருக்கவில்லை; அம்மாவின் முகமே சொன்னது. நண்பகலுக்கு ஒன்பது என்றார் அவர். அடுத்த பங்குக்கு எட்டு, பிறகு ஏழு, ஆறு, ஐந்து, நான்கு. நள்ளிரவில் மறுபடி ஒன்பது. ஒன்று, இரண்டு, மூன்று கிடையவே கிடையாது. ஒன்பது அவர்களுக்குச் சிறப்பான எண். முதல் பங்குக்கு ஒன்பது, இரண்டாவதுக்கு இரண்டு ஒன்பது என்று போகவேண்டும். பதினெட்டு தரம் அடித்தால் யார் எண்ணுவது? ஆகவே பத்தை விட்டுவிட்டு எட்டை மட்டும் அடிப்பதாக ஒரு விளக்கம் உண்டாம்.

அம்மா விரலை மடக்கினார். "ஒன்பது, பதினெட்டு, இருபத்தேழு, முப்பத்தாறு, நாற்பத்தைஞ்சு, அம்பத்திநாலு. ஓம், சரியா வருது! ஒன்பதாம் வாய்ப்பாடு." அந்தப் பெண்ணைப் பார்த்து, "வெறி குட்," என்று பாராட்டினார், அவர்தான் அதைக் கண்டுபிடித்தவர்போல.

ஒவ்வொரு பங்குக்கும் ஒரு மிருகமும் இருந்தது. நண்பகலுக்குக் குதிரை, நள்ளிரவுக்கு எலி.

"எலி சரிதான்," என்றார் அம்மா. "எங்கட பேஸ்மென்ரிலயும் அந்நேரம்தான் ஓடுது."

அதை மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் அம்மாவுக்கு அவரை நன்றாகப் பிடித்துவிட்டது. வருகையாளர் தொட்டுப் பார்க்க என்று ஒரு மாதிரிக் கடிகாரம் மேசையில் இருந்தது. அம்மாவை அதற்கு முன்னால் உட்காரவைத்து, எடைகளை நகர்த்தச் சொன்னார். அம்மா கடையில் தினமும் நூற்றுக்கணக்கான ரோல்ஸ் பலகாரம் சுற்றும் விரல்களால் அந்தச் சின்ன எடையை ஒரு வெட்டிலிருந்து அடுத்ததற்கு எடுத்து வைத்தார். தவறவில்லை.

நான் சுவர்ப்பக்கம் போனேன். அங்கே இருந்ததுதான் எனக்கு அன்று மிகப் பிடித்தது. கடிகாரம் என்றே தெரியாத ஒரு பொருள். ஒடுக்கமான, நீளமான மரப்பெட்டி, வீட்டுத் தூணில் மாட்டுவது. முகமே இல்லை. பெட்டிக்குள் எடை மெதுவாகக் கீழிறங்க, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஊசி வெளிப்பக்கத்துப் பலகையில் நேரத்தைக் காட்டுகிறது. எடை ஒரே சீராக இறங்குகிறது, கோடையோ குளிரோ. பலகையில் உள்ள கோடுகள்தான் நெருங்கியும் விலகியும் இருக்கின்றன. இரண்டு கிழமைக்கு ஒருமுறை பலகையைக் கழற்றி அடுத்த பலகையை மாட்டவேண்டும். ஒரு வருடத்துக்கான பலகைகள் கீழே தட்டில் அடுக்கியிருந்தன. பொறியைத் தொடாமல் அட்டவணையை மட்டும் மாற்றுவது. நாங்கள் மென்பொருளில் இதையே செய்துவிட்டுப் பெருமைப்படுவோம்.

தட்டில் இரண்டு அடுக்குகள் இருந்தன. ஒன்று கறுத்த பழைய மரம். மற்றது வெளிர் நிறத்தில், புதிதாக.

"இது மேப்பிள். நான் வெட்டியது," என்றார் அந்தப் பெண், பின்னால் வந்து. "பழைய பலகைகள் எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு. அங்கத்தைய சூரியனுக்கு. நாங்கள் அதே பலகைகளைத்தான் ஆறு வருடம் மாட்டிக்கொண்டிருந்தோம். யாரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. ஒரு ஜூன் மாதம், கடைசி வருகையாளர் போனபின் பூட்ட வந்தேன். கடிகாரம் பொழுதுபட்டுவிட்டது என்றது. தரையில் இன்னும் வெயில் கிடந்தது. இருபத்தைந்து நிமிடம் பிழை. கடிகாரம் சரியாகத்தான் ஓடியது. வேறு ஊர்ச் சூரியனுக்கு ஓடியது."

மேப்பிள் பலகையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கோடுகளை எரித்து வரைந்திருந்தார், ஒவ்வொன்றும் மயிரிழை. பழைய பலகையையும் புதிதையும் அருகருகே வைத்தபோது, ரொறன்ரோக் குளிர்காலப் பகல் எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்று கண்ணாலேயே அளக்க முடிந்தது. அழகாக இருக்கிறது என்று சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த கடதாசி நினைவுக்கு வந்தது.

எட்டு வருடத்துக்கு முன், பல்கலைக்கழகத்தின் முதல் வருடத்தில், அம்மாவுக்காக நான் ஒரு பட்டியல் செய்துகொடுத்தேன். ராகு காலப் பட்டியல். அந்த வேளையில் அம்மா புதிதாக எதையும் தொடங்கமாட்டார், வீட்டிலிருந்து வெளிக்கிடவும் மாட்டார். அடிக்கடி மறந்துபோகிறது என்றார். நான் கேட்கக் கேட்க மனப்பாடமாகச் சொன்னார்: திங்கள் ஏழரை தொடக்கம் ஒன்பது, சனி ஒன்பது தொடக்கம் பத்தரை, வெள்ளி பத்தரை தொடக்கம் பன்னிரண்டு. ஏழு வரி. அச்சிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். அவருடைய தொலைபேசியில் தொடக்கத்துக்கு ஓர் எச்சரிக்கை மணியும் முடிவுக்கு ஒன்றும் வைத்தேன். அம்மா அதைக் கேள்வி கேட்டதே இல்லை. றோட் ரெஸ்ற் நாட்களையும் அதைப் பார்த்துத்தான் நான் பதிவு செய்தேன். நாளைய ஒன்பது பத்தும் அப்படி வந்ததுதான்: ஒன்பதுக்கு ராகு காலம் முடிகிறது, பத்து நிமிடம் தள்ளி.

பகலை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கு. எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அம்மா பிறந்த ஊரில் ஆறு மணியளவில் விடிந்து ஆறு மணியளவில் பொழுதுபடும். பங்குக்கு ஒன்றரை மணித்தியாலம். அந்த ஏழு வரி அங்கே ஏறக்குறைய எப்போதும் சரி. இங்கே டிசம்பரில் ஏழரைக்குச் சூரியனே எழும்பியிருக்காது. எழும்பாத சூரியனின் இரண்டாம் பங்குக்கு நான் எட்டு வருடமாக மணி அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். போதாததற்கு இங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளுகிறோம். கொடுத்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்பது என் தொழிலில் முதல் வேலை. அம்மாவிடம் அதை நான் கேட்கவே இல்லை.

சுவரோரத்து வாங்கில் உட்கார்ந்து தொலைபேசியில் கணக்குப் பார்த்தேன். நாளைக்குச் சூரிய உதயம் ஏழு இருபத்திரண்டு, மறைவு நான்கு நாற்பத்திரண்டு. பங்குக்கு எழுபது நிமிடம். திங்கட்கிழமைக்கு இரண்டாம் பங்கு. எட்டு முப்பத்திரண்டு தொடக்கம் ஒன்பது நாற்பத்திரண்டு. ஒன்பது பத்து அதன் நடுமத்தியில் இருந்தது.

பழைய ரெஸ்ற் நாட்களையும் பார்த்தேன். ஜூன் வெள்ளி, பன்னிரண்டு பத்து: உள்ளே. ஓகஸ்ட் புதன், ஒன்று நாற்பது: உள்ளே. ஒக்டோபர் செவ்வாய், இரண்டு இருபது: வெளியே. அந்த ஒக்டோபரில்தான் அம்மா மிக மோசமாகத் தவறினார். சோதிக்க வந்தவர் பாதியிலேயே காரை நிறுத்தச் சொல்லிவிட்டார். மூன்று தரவுகளை வைத்து யாரும் எதையும் நிறுவ முடியாது. எனக்கு ராகுவில் நம்பிக்கையும் இல்லை. ஆனால் நாளை காலை காரை ஓட்டப்போவது நான் இல்லை.

"என்ன ஃபோனில பாக்கிறாய்?" அம்மா மாதிரிக் கடிகாரத்தின் முன்னாலிருந்து கேட்டார்.

"ஒண்டுமில்லை அம்மா. வேலை மெயில்."

அவர் அந்தப் பெண்ணிடம் திரும்பி, தன் ஆங்கிலத்திலேயே, இன்றைக்கு ஒரு பகல் பங்கு எத்தனை நிமிடம் என்று கேட்டார். தொண்ணூற்று மூன்று என்றார் அவர். ஜூனில்? நூற்றைம்பத்து நான்கு. அம்மா தலையாட்டினார். மறுபடி விரலை மடக்கினார். மற்றக் கடிகாரங்களையும் பார்த்தோம்: பைக்குள் வைக்கும் சின்னது; வெள்ளித் தகடுகளை வளையத்தில் நெருக்கியும் தள்ளியும் மணிகளைக் குறுக்கும் ஒன்று. எல்லாம் அருமையாக இருந்தன. எனக்கு அவற்றைப் பார்த்தது பாதிதான் நினைவிருக்கிறது.

காரில் ஏறி, மெத்தையைச் சரிசெய்து, கண்ணாடிகளைப் பார்த்து, பெல்ற் போட்டபின்தான் அம்மா சொன்னார்.

"அப்ப உன்ர லிஸ்ற் பிழை."

நான் என் பெல்ற்றை இழுத்துப் போட்டேன்.

"வேலை மெயில் எண்டு எனக்குப் பொய் சொல்லுறாய். நீ கணக்குப் பாத்தனி. உன்ர மூஞ்சை எனக்குத் தெரியாதே?"

"ஓம் அம்மா. பிழை."

"எத்தினை வருசம்?"

"எட்டு."

"எட்டு வருசம்!" இரண்டு கையும் ஸ்ரியரிங்கில் இருந்தன, காரை இன்னும் ஸ்ராட் பண்ணவில்லை. "லீவு நாளில பனிக்குள்ள பஸ் ஸ்ரொப்பில நிண்டு, ஒன்பது மணியாகட்டும் எண்டு ரெண்டு பஸ்ஸை விட்டனான். உன்ர கொப்பர் கேட்டார், ராகு வர முதல் நிமோனியா வரப்போகுது எண்டு. அவரோட சண்டை பிடிச்சனான், என்ர பிள்ளை எஞ்சினியர், கணக்காப் போட்டுத் தந்தவள் எண்டு."

"அம்மா, நான் நீங்கள் சொன்ன நம்பரைத்தானே—"

"நான் சொன்னது ஊர் நம்பர். எஞ்சினியர் நானோ நீயோ?"

சாவியைத் திருகப் போன அம்மா நிறுத்தி, "நாளைக்கு?" என்று கேட்டார். எண்களைச் சொன்னேன். எட்டு முப்பத்திரண்டு, ஒன்பது நாற்பத்திரண்டு. அவர் வெளியே பார்த்தார். முன்னால் நின்ற வெள்ளை வான் போய்விட்டிருந்தது.

"வேண்டாமெண்டால் விடுவம் அம்மா. ஆரும் உங்களை ஒண்டும் சொல்லமாட்டினம். ஃபெப்ரவரியில—"

"ஃபெப்ரவரியில ஆர் என்னைக் கொண்டுபோறது? கொப்பர் ஒஹாயோவிலயிருந்து வந்தோ?"

சிக்னல் போட்டு, தோளுக்குமேல் திரும்பிப் பார்த்து, வெளியே எடுத்தார். அவ்வளவு நன்றாக அம்மா ஓட்டி நான் பார்த்ததில்லை. கோபத்தில் எல்லா ஸ்ரொப் சைனிலும் முழுசாக நின்றார். வீட்டுக்கு வந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த பட்டியலை எடுத்து, நாலாக மடித்து, என் கையில் தந்துவிட்டு மேலே போனார். போவாரா மாட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கத் துணிவும் வரவில்லை.

காலை எட்டு மணிக்கு நான் கீழே வந்தபோது அம்மா கோட் போட்டு, தலை இழுத்து வாரி, திருநீறு பூசி, தயாராக நின்றார்.

"எத்தினைக்குத் தொடங்குது எண்டனி?"

"எட்டு முப்பத்திரண்டு."

"சரி, வா. செருப்பைப் போடு."

"இப்பவோ? நான் இன்னும் முகம் கழுவேல்லை. இஞ்சயிருந்து கால்மணித்தியாலம்தானே அம்மா."

"வா எண்டுறன். லைசென்ஸ் உள்ள ஆள் பக்கத்தில இருக்கோணும். சட்டம்."

இரவு உடுப்புக்குமேல் ஜக்கெற் போட்டுக்கொண்டு, வெறும் காலில் செருப்போடு பக்கத்து இருக்கையில் ஏறினேன். அம்மா கைப்பையைப் பின் இருக்கையில் வைத்தார். மெத்தையைப் போட்டார். அனுமதி அட்டையை முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தார். காரைப் பின்னெடுத்து, வீட்டு வாசலைத் தாண்டி, தெருவுக்கு வந்து, பக்கத்து வீட்டு முன்னால் நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். எட்டு பத்தொன்பது.

"முடிஞ்சுது. வா உள்ள."

"எங்க?"

"ரீ குடிக்க."

சமையலறையில் கேத்தில் ஏற்கனவே கொதித்திருந்தது. நின்றுகொண்டே குடித்தார்.

"அம்மா, என்ன செய்யிறியள்?"

"நான் வெளிக்கிட்டிட்டன்."

"நீங்கள் குசினிக்குள்ள நிக்கிறியள்."

"சாமான் வெளிக்கிட்டிட்டுது. கார் வெளிக்கிட்டிட்டுது. எட்டு முப்பத்திரண்டுக்கு முதல் வாசலைத் தாண்டியாச்சு. இனி நடக்கிறதெல்லாம் முதலே தொடங்கின அலுவல். இடையில ஒரு ரீ குடிக்க வந்தனான். அதில என்ன?"

ஊரில் பயணப் பெட்டியை நல்ல நேரத்தில் எடுத்துப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, ஆள் பிறகு ஆறுதலாகப் போவது வழக்கம் என்று எனக்கும் தெரியும். இரண்டு தொன் எடையுள்ள காரை அப்படி வைத்ததை அன்றுதான் பார்த்தேன். பொறியைத் தொடவில்லை. எடையை மட்டும் ஒரு வெட்டு நகர்த்தியிருந்தார். நான் சிரிக்காமல் முகம் கழுவப் போனேன்.

றோட் ரெஸ்ற் நிலையத்தில் நான் உள்ளே கதிரையில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது பத்துக்கு அம்மாவும் சோதிப்பவரும் புறப்பட்டார்கள். ஒன்பது முப்பத்தெட்டுக்குத் திரும்பி வந்தார்கள். ஜன்னலால் பார்த்தேன், இருவரும் இறங்கவில்லை. சோதிப்பவர் ஏதோ எழுதினார். அம்மா நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது நாற்பத்திரண்டு தாண்டியது. பிறகு அம்மா கதவைத் திறந்து இறங்கினார், கையில் ஒரு கடதாசியோடு. நடந்து வந்த விதத்திலிருந்து எதையும் ஊகிக்க முடியவில்லை. கிட்ட வந்து கடதாசியை நீட்டினார்.

பாஸ்.

"றோட்டில ரெண்டு காருக்கு நடுவில நிப்பாட்டச் சொன்னவள்," என்றார். "அந்தப் பல்லு டொக்டற்ர வாசல்ல நிப்பாட்டின மாதிரியே விட்டன். ஒரே தரம்." பிறகு, என் கையைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய குரலில்: "பெல்ற் மட்டும் கழட்ட விரல் வரேல்லை பிள்ளை. அதுதான் அப்பிடியே இருந்தனான்."

டிசம்பரில் ஒரு ஞாயிறு மறுபடி அந்த அருங்காட்சியகத்துக்குப் போனோம். அம்மாதான் ஓட்டினார். மெத்தை அப்படியே. கடையிலிருந்து ஒரு பெட்டி பயத்தம் பணியாரம் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் பெண் பலகைக்கு எப்படிக் கணக்கெடுக்கிறார் என்று எனக்குக் காட்டினார். பட்டறையில் மிஞ்சிய மேப்பிள் துண்டுகளையும் தந்தார். பதின்மூன்று துண்டுகள் வெட்டினேன், இருபக்கமும் பயன்படுமாறு, ஒரு பக்கத்துக்கு இரண்டு கிழமை. ஒவ்வொன்றிலும் ஏழு நாளுக்கும் ராகு காலத்தைக் கோடிட்டு எழுதினேன். என் கோடுகள் அவருடையவைபோல மயிரிழை அல்ல. இரண்டு இடத்தில் மை ஊறிவிட்டது. பின்னால் காந்தம் ஒட்டினேன். சரிபார்த்தபின்தான் அம்மாவிடம் கொடுத்தேன். எண்கள் எங்கிருந்து வந்தன என்று அவர் கேட்டார். காட்டினேன்.

ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உது பிக்கரிங்குக்கு," என்றார். "எட்மன்டனுக்கு?"

"நான் உதெல்லாம் பாக்கிறதில்லை அம்மா."

"நீ பாக்கவேண்டாம். நான் பாப்பன்."

மிச்ச மரத்தில் இன்னொரு அடுக்குச் செய்தேன். எட்மன்டனில் டிசம்பர்ப் பகல் இன்னும் குட்டை. ஒரு பங்கு ஒரு மணித்தியாலம்கூட வராது. இரண்டு ஊர்ப் பலகைகளும் இப்போது அம்மாவின் குளிர்சாதனப் பெட்டியில் அருகருகே இருக்கின்றன.

எட்மன்டனுக்கு வந்த முதல் திங்கட்கிழமை, புது வேலைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. அம்மா கடைக்குக் காரில் போய்ச் சேர்ந்து, வேலையும் தொடங்கிவிட்டிருந்தார். பின்னால் எண்ணெய்ச் சட்டியின் இரைச்சல் கேட்டது.

"வெளிக்கிட்டிட்டியோ?"

"வெளிக்கிடுறன் அம்மா."

"கெதியாப் போ. உனக்கு இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கு."

கைப்பையை எடுத்து, கதவைத் திறந்து, வெளியே நடைவழியில் வைத்தேன். பிறகு உள்ளே வந்து மற்றச் சப்பாத்தைத் தேடினேன்.